மாப்பிள்ளையின் இடது கன்னம்

அந்தத் தொழிற்சாலையில் மாப்பிள்ளைக்குக் கிடைத்த மரியாதை மேனேஜருக்குக் கூடக் கிடைக்கவில்லை. சோதனை அறையின் நடுவே, தரையில் முடுக்கிய இரும்புத் தூணின் உச்சியில், கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல் அவர் வீற்றிருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் தலை. வந்த நாளிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், மற்றவர்கள் பார்த்துப் பார்த்து மாட்டிவிடுவதை மாட்டிக்கொண்டு, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததால் அந்தப் பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வீட்டில் ஒரு மருமகனை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்த யாரோதான் வைத்திருக்க வேண்டும்.

அங்கே தயாரானது விளையாடுகிறவர்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடி. உடையாத லென்ஸ், தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை, முகத்தில் பதியும் ஓரமெல்லாம் மெத்தென்று ஸ்பாஞ்சு. பந்து வந்து அறைந்தால் அடியை ஸ்பாஞ்சு வாங்கிக்கொள்ளும், கண் பிழைத்துக்கொள்ளும். பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தது. அச்சடித்தது உண்மைதானா என்று பார்ப்பது பரிசோதகரின் வேலை. அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவர் முத்திரை குத்தாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டாது. இதை அவர் தாமாக வாய்விட்டுச் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால் சொல்வார். யாரும் கேட்காவிட்டால், கேட்கும் வரை பேச்சை அந்தப் பக்கமாகவே ஓட்டிக்கொண்டிருப்பார்.

மாப்பிள்ளையின் இமைகளில் நீல மையைப் பூசி, கண்ணாடியை மாட்டி, நாலடி தள்ளி நிற்கும் காற்றுத் துப்பாக்கியால் பந்தைச் சுடுவார். கழற்றிப் பார்க்கும்போது லென்ஸின் உட்புறத்தில் நீலம் ஒட்டியிருந்தால், கண்ணில் இடித்துவிட்டது, ஃபெயில். அடுத்தது தாள் சோதனை. விரலகலத் தாள் ஒன்றை ஸ்பாஞ்சுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிச் சுற்றிலும் எட்டு இடத்தில் இழுத்துப் பார்ப்பார். தாள் பிடித்து நின்றால் பொருத்தம் சரி. நழுவி விழுந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, அதே கண்ணாடியைத் தாமே ஒரு ஷிஃப்ட் முழுக்க மாட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, பதிவேட்டில் 'அணிந்தவர் கருத்து' என்ற கட்டத்தை நிரப்புவார். பதினோரு வருஷமாக அந்தக் கட்டத்தில் இருந்தது ஒரே வாசகம்தான்: 'மிகவும் சௌகரியம்.'

மாப்பிள்ளைக்கும் ஒரு தரம் உடம்புக்கு வந்தது. பரிசோதகர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், துப்பாக்கியில் அழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டார். பந்து போய் மாப்பிள்ளையின் இடது கன்னத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. புதுத் தலை வருவதற்கு நாலு மாதம் ஆகுமென்றார்கள். "எதையாவது வச்சு அடைச்சு விடுங்க" என்றார் அப்போதைய மேனேஜர். பரிசோதகர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஓட்டை அடைக்கிற பட்டியைக் குழைத்து, கன்னம் வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தார். எங்கே உடைந்தது என்று அவருக்கே தெரியாத அளவுக்கு வேலை சுத்தம். புதுத் தலை வாங்கும் பேச்சு அத்தோடு போயிற்று. அடுத்த மாதம் ஸ்பாஞ்சு வெட்டுவதற்கான அச்சும் அந்த முகத்தின் மேல் தாளை அழுத்தித்தான் எடுக்கப்பட்டது.

அச்சு எடுத்தது ஸ்பாஞ்சு வெட்டுகிற பெண், எல்லோருக்கும் 'ஸ்பாஞ்சு அக்கா'. அவளுக்கு அன்றே ஒரு சந்தேகம். "அண்ணே, இடது பக்கம் மட்டும் நாலு மில்லி தடிமனா கேக்குதே. ரெண்டு கன்னமும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

"மாப்பிள்ளை கேட்டா குடுத்துடணும்க்கா. எதிர்த்துப் பேசக் கூடாது."

அக்கா சிரித்துவிட்டு வெட்டினாள். பதினோரு வருஷமாக வெட்டிக்கொண்டே இருந்தாள். கடைகளிலிருந்து அவ்வப்போது புகார் வரும். எல்லாம் ஒரே புகார்: இடது பக்கம் அழுத்துகிறது, வலது பக்கம் தூக்கிக்கொள்கிறது. பரிசோதகர் ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளைக்கு மாட்டிப் பார்ப்பார். கச்சிதமாக இருக்கும். தாமும் மாட்டிப் பார்ப்பார். அதைவிடக் கச்சிதமாக இருக்கும். கடைசியில் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்க ஏற்பாடு செய்தார்: 'வலது பட்டையை இறுக்கிக் கட்டவும்.' அதற்குப் பிறகும் புகார் செய்தவர்களைக் கட்டத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டார்.

இப்படியே போயிருக்கும். நடுவில் அவர் மனைவிக்கு விளையாட்டு ஆசை வந்தது.

அந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எடை கூடிவிட்டது, தினமும் உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நடைப்பயிற்சி நாலே நாளில் சலித்துவிட்டது. பக்கத்துத் தெரு உள்ளரங்கில் தன் வயதுப் பெண்கள் ஷட்டில் ஆடுவதைப் பார்த்தாள். ஒரு மட்டையை வாங்கிக்கொண்டு போய் நின்றாள். ஒரே மாதத்தில், அவள் எதிர்ப்பக்கம் நின்றால் மற்றவர்களுக்குக் கால் வலி வர ஆரம்பித்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அவளுக்குப் பிறவியிலிருந்தே இடது கண் சரியில்லை. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. பார்ப்பது, படிப்பது, கணவரை முறைப்பது எல்லாம் வலது கண் ஒன்றை வைத்துத்தான். "ஆடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா இருக்கிறது ஒண்ணுதான். கண்ணாடி இல்லாம உள்ள இறங்காதீங்க" என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பரிசோதகருக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் தம் வேலைக்கு வீட்டில் இப்படி ஒரு தேவை வருமென்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அன்று சாயங்காலமே ஒரு பெட்டியோடு வந்தார். தாமே மாட்டிவிட்டார்.

"இடது பக்கம் குத்துதுங்க" என்றாள்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்."

"வலது பக்கம் கன்னத்துல படவே இல்ல. பாருங்க, விரல் போகுது."

அவர் பையிலிருந்து தாளை எடுத்து வலது கன்னத்தில் செருகினார். தாள் ஒரு நொடிகூட நிற்காமல் அவள் மடியில் விழுந்தது. மறுபடி செருகினார். மறுபடி விழுந்தது.

"உன் மூஞ்சி கோணலா இருக்கு" என்றார்.

"இருபத்தெட்டு வருஷமா நேரா இருந்தது, இன்னைக்குத்தான் கோணிக்கிச்சா?"

"மாப்பிள்ளைக்கு மாட்டினேன், ஒரு குத்தம் சொல்லல."

"அவருக்கு வாய் தெறக்காது. தெறந்தா தெரியும்."

அவர் வலது பட்டையை இறுக்கிக் கட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் ஒரு நம்பிக்கை. உலகத்தில் மற்ற எல்லா விஷயங்களிலும் அந்த நம்பிக்கையை அவள் எப்போதோ கைவிட்டிருந்தாள். கண்ணாடி விஷயத்தில் மட்டும் மிச்சம் வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிறு காலை அடி விழுந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண் ஓங்கி அடித்த ஷட்டில் வலது லென்ஸின் ஓரத்தில் வந்து அறைந்தது. லென்ஸ் உடையவில்லை, கீறல்கூட இல்லை. ஆனால் அடியை வாங்க வேண்டிய ஸ்பாஞ்சு கன்னத்தைத் தொடவே இல்லையே. ஃப்ரேம் அப்படியே உள்ளே வந்து கண்ணில் இடித்துவிட்டது.

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். வலது கண்ணுக்கு மூடி போட்டு, ஒரு வாரம் அசையாமல் சாய்ந்து உட்கார்ந்திருக்கச் சொன்னார். திரும்பப் பார்வை வருமா என்ற கேள்விக்கு, "வரும்னு நினைக்கிறேன்" என்றார். அந்த 'நினைக்கிறேன்' பரிசோதகருக்குப் போதவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு நிஜமான பயம் வந்தது.

அந்த ஒரு வாரம் அவள் நிழல்களுக்கு நடுவே இருந்தாள். அவர் லீவு போட்டார். டீ போட்டார், சுமாராக இருந்தது. குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனார். பக்கத்தில் ஒரு நிழல் வந்து நிற்கும் போதெல்லாம் அவள் கையை நீட்டி அதன் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். விரல்கள் இடது கன்னத்தில் வந்து நிற்கும்.

"பள்ளம் இருக்கு. நீங்கதான்" என்பாள்.

பள்ளத்தின் கதை பழையது. பத்தொன்பது வயதில் ஹாக்கி ஆடும்போது பந்து அடித்து அவருடைய இடது கன்னத்தெலும்பு உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து அவர் முகம் ஒரு பக்கம் மட்டும் பட்டினி கிடந்ததுபோல் இருக்கும். கல்யாண ஆல்பம் முழுக்க வலது பக்கத்தையே காட்டிக்கொண்டு நிற்பார். நமக்கு ஆனது இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கே வந்தார். அதைப் பல பேரிடம் சொல்லியும் இருக்கிறார், அது பொய்யில்லை.

அத்தனை பயத்திலும் அவர் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ பட்டையை ஒழுங்கா இழுத்துக் கட்டியிருக்க மாட்டே" என்றார்.

"பல்லு வலிக்கிற வரைக்கும் கட்டினேன்."

"அப்ப கட்டின விதம் தப்பு."

மூடிக்குப் பின்னாலிருந்து முறைக்க முடியாதது அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

பார்வை வந்துவிட்டது. "தப்பிச்சீங்க. இன்னொரு அடி தாங்காது" என்றார் டாக்டர். பரிசோதகர் அடிபட்ட அதே கண்ணாடியைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் மாப்பிள்ளைக்கு மாட்டி, மூன்று தடவை சுட்டார். மூன்று தடவையும் பாஸ். அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்துவிட்டு அவள், "சரி, அப்ப மாப்பிள்ளையையே ஆட அனுப்புங்க" என்றாள். மட்டையை உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதை அவள் வைத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

அந்த மாதக் கடைசியில் குடும்ப தினம் வந்தது. வேலை செய்கிறவர்களின் வீட்டார் வந்து தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்து, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போகிற நாள். இந்த முறை கூடுதல் விசேஷம். இரட்டை ஸ்பாஞ்சு வைத்த புது மாடல் பெட்டி பெட்டியாகத் தயாராகிவிட்டது. பரிசோதகரின் முத்திரை ஒன்றுதான் பாக்கி. அதை எல்லோர் முன்னாலும் சோதித்துக் காட்டிக் கைதட்டலோடு முத்திரை குத்தலாம் என்பது மேனேஜரின் யோசனை.

சோதனை அறையில் நாற்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பரிசோதகரின் மனைவி முன்வரிசையில் நின்றாள். மாப்பிள்ளையைப் பற்றி வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாளே தவிர, பார்ப்பது இதுதான் முதல் தடவை. பரிசோதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது உலகத்துல எல்லா மனுஷ முகத்துக்கும் பொதுவான முகம்" என்று ஆரம்பித்தார். "இதுக்குப் பொருந்தினா எல்லாருக்கும் பொருந்தும்."

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் கிட்டே போனாள். மேனேஜர் "தொடாதீங்கம்மா" என்பதற்குள் வலது கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி மாப்பிள்ளையின் முகத்தைத் தடவினாள். விரல்கள் இடது கன்னத்தில் வந்து நின்றன.

"பள்ளம் இருக்கு" என்றாள்.

அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பரிசோதகரின் கை மட்டும் தம் இடது கன்னத்துக்குப் போயிற்று.

"என்னங்க, இது உங்க கன்னம். இதைக்கூட எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் இதைத் தடவித்தானே உயிரோட இருந்தேன்."

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் அப்போதுதான் அவருக்கு முழுசாக ஞாபகம் வந்தது. பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கன்னம் எப்படியிருக்கும் என்று தெரியாமல் முழித்தது. எதிரே ஒரு சின்னச் சவரக் கண்ணாடியை நிறுத்தியது. ஒரு கையால் தம் கன்னத்தைத் தடவித் தடவி, மறு கையால் மாப்பிள்ளைக்கு அதே கன்னத்தை வைத்தது. தடவிய கன்னம் இடது கன்னம். பழைய மேனேஜர் பாராட்டியபோது வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்ததுகூட ஞாபகம் வந்தது.

ஸ்பாஞ்சு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அளவுகோலோடு வந்தாள். இரண்டு கன்னத்தையும் அளந்தாள். "நாலு மில்லி" என்றாள். பிறகு பரிசோதகரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் குனிங்க" என்றாள். அவர் குனிந்தார். அளந்தாள். "நாலு மில்லி."

புதுக் கண்ணாடியை எடுத்து முதலில் தன் முகத்தில் மாட்டித் தாளைச் செருகினாள். விழுந்தது. பக்கத்திலிருந்த, ஃப்ரேம் வார்க்கும் மோல்டிங்காரருக்கு மாட்டினாள். விழுந்தது. அவருடைய மச்சினர், மச்சினரின் மாமியார், வாசலில் நின்ற டிரைவர், எல்லோருக்கும் விழுந்தது. மேனேஜர் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்குவதற்குள் அவருக்கும் மாட்டிவிட்டாள். அவருக்கும் விழுந்தது. கடைசியில் பரிசோதகருக்கு மாட்டி எட்டு இடத்திலும் இழுத்தாள். எட்டு இடத்திலும் தாள் அட்டைபோல் ஒட்டிக்கொண்டு நின்றது.

"உங்களுக்கு ரொம்ப சௌகரியமா இருக்குதுண்ணே" என்றாள். அதில் கிண்டல் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"எல்லாரும் டீ சாப்பிடுங்க" என்று மேனேஜர் கூவினார். பரிசோதகரைத் தோளில் கைபோட்டுத் தம் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சின்ன விஷயத்தைப் பெருசாக்காதீங்க. நாலாயிரம் பெட்டி கட்டி நிக்குது. மொதல்ல முத்திரையைக் குத்துங்க, அப்புறம் மெதுவா புதுத் தலை வாங்கிக்கலாம்."

"ஃபெயில் ஆகும் சார்."

"எப்படி ஆகும்? ஸ்டாண்டர்ட் தலையில டெஸ்ட் பண்ணுறோம்."

"அது ஸ்டாண்டர்ட் தலை இல்ல சார். என் தலை."

"பதினோரு வருஷமா பாஸ் பண்ணது நீங்க. போட்டுப் பார்த்து நல்லா இருக்குன்னு எழுதினதும் நீங்க. இப்ப தப்புன்னு சொன்னா யார் மாட்டுவாங்க? ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆகப்போற மனுஷன். ஒரு கன்னத்துல அப்படி என்ன சார் இருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு ஒரு கண்ணு இருக்கு சார்" என்றார் பரிசோதகர்.

எழுந்து சோதனை அறைக்குப் போனார். மனைவியையும் ஸ்பாஞ்சு அக்காவையும் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். காற்றுத் துப்பாக்கியின் அழுத்தத்தை, பதினோரு வருஷம் முன்பு தவறாக ஏற்றிய அதே அளவுக்கு, இந்த முறை தெரிந்தே ஏற்றினார். குறி பார்த்துச் சுட்டார். பட்டிக் கன்னம் முழுசாகப் பெயர்ந்து சுவரோரம் போய் விழுந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். கன்னமில்லாத தலையைப் பார்த்துத் தம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருந்த ஒண்ணையும் உடைச்சிட்டீங்களே! இனிமே எதுல டெஸ்ட் பண்ணுவீங்க?"

"மூஞ்சிக்கா சார் பஞ்சம்? வெளிய நாப்பது நிக்குது."

புதுத் தலைக்கு அன்றே ஆர்டர் போக வேண்டியதாயிற்று. அதுவரை நாலாயிரம் பெட்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும். பழைய பெட்டிகளுக்குக் கடை கடையாகக் கடிதம் போக வேண்டும், அதில் தம் பெயரும் இருக்க வேண்டும் என்று பரிசோதகர் தாமாகவே சொன்னார். மேனேஜர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அது ஒருவகையில் நிம்மதியாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்பாஞ்சு அக்கா அச்சுத் தாள்களோடு வந்து பரிசோதகரின் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து அளவெடுத்தாள். பரிசோதகர் பதிவேட்டைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். புது மாடலைத் தாமே மனைவிக்கு மாட்டிவிட்டு, பதினோரு வருஷத்தில் வேறு எவரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"எழுதிக்குவீங்களா?"

"எழுதிக்கிறேன்."

"இடது பக்கம் குத்துது. வலது பக்கம் தூக்குது. மூக்குப் பக்கம் வேர்த்துக் கொட்டுது. பட்டை காதை அறுக்குது. இதையெல்லாம் மொத நாளே சொன்னேன், அதையும் எழுதுங்க. என் மூஞ்சி கோணல்னு சொன்னீங்க, அதையும் எழுதுங்க."

அவர் எல்லாவற்றையும் எழுதினார். கட்டம் நிரம்பி, ஓரம் நிரம்பி, எழுத்து அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. அவள் நிறுத்திய பிறகு பழக்கத்தில் கை முத்திரைக் கட்டைக்குப் போயிற்று. அவள் முறைத்தாள். வலது கண்ணால், தெளிவாக, நன்றாகவே முறைத்தாள். அந்த முறைப்பு திரும்பக் கிடைத்ததில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

முத்திரையை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். பதிவேட்டின் முதல் பக்கத்துக்குப் போனார். 'மிகவும் சௌகரியம்' என்று இருந்ததற்கு எதிரே, சின்ன எழுத்தில், 'எனக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வரியிலும் எழுதினார். அதற்கடுத்த வரியிலும் எழுதினார். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள். இருபத்துமூன்றாம் பக்கத்தில் பேனா தீர்ந்துபோயிற்று. அவள் தன் கைப்பையைத் துழாவி இன்னொரு பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.